கோபம் போதவில்லை

என் பெயர் தணிகாசலம். ஊர் திருத்தணிக்குப் பக்கம். முருகன் சூரனோடு சண்டை போட்டுவிட்டு வந்து, கோபம் தணிந்து உட்கார்ந்த மலை அது என்பார்கள். அந்த மலையின் பெயரை வைத்துக்கொண்டு நான் பார்க்கும் உத்தியோகம், ஊர் ஊராகப் போய் ஜனங்களுக்குக் கோபம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. வேலையில் சேர்ந்த அன்று மேலதிகாரி என் பெயரை இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சிரித்தார். பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் எங்காவது யாராவது சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அலுவலகத்தின் முழுப்பெயர் மெய்யொப்ப இயக்ககம். ஆனால் ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் தெரியாது. 'கோப ஆபீஸ்' என்றால் வாசலிலேயே இறக்கிவிடுவார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஒரு பழமொழி உண்டல்லவா? எங்கள் இயக்ககம் அதில் ஒரே ஒரு திருத்தம் செய்தது. பிள்ளை எவ்வளவு சத்தமாக அழுதது என்று அளந்து, எண் சரியாக இருந்தால்தான் பால்.

நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேர்ச்சி. தலைநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, பால்கனியில் புறா உட்காருகிறது என்று மனுப் போட்டு முதல் அளவிலேயே தொண்ணூற்று மூன்று எடுத்தது. நான்தான் அளந்தேன். ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்கி, நான் மின்விசிறியைத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. அதே வாரம்தான் கருக்கம்பதிக்குப் போனேன்.

கருக்கம்பதி மேற்கே, பனியன் கம்பெனிகள் நிறைந்த பகுதியில் ஒரு சிற்றூர். அதன் தெற்குக் கோடியில் வாய்க்கால்மேட்டு வீதி. அறுபது வீடுகள், பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். குடிதண்ணீர் வேண்டும் என்று மனு. முதல் அளவை, அந்தப் பகுதியை எனக்கு முன் பார்த்தவர் எடுத்திருந்தார். இருபத்தாறு. 'தங்கள் கோபம் போதவில்லை, மீண்டும் முயலவும்' என்று அவர்கள் போனுக்குச் செய்தி போயிருந்தது. இரண்டாம் அளவுக்கு நான்.

"வாங்க சார், வாங்க. பஸ்ல வந்தீங்களா, வண்டியிலீங்களா? மொதல்ல தண்ணி குடிங்க."

வரவேற்றவர் நவமணி. ஐம்பதை நெருங்கும் பெண்மணி. மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், எதுவும் அந்தக் கண்ணுக்குத் தப்பாதாம். உலகத்துப் பனியனில் எல்லாம் குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு, சொந்தக் குறையை அரசாங்கத்திடம் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிப்போகிறது.

தண்ணீர் நன்றாக இருந்தது. கேன் தண்ணீர். அதற்குப் பிறகு காபி, அதற்குப் பிறகு கச்சாயம், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அரிசிம்பருப்பு சாதம், அதன் நடுவில் குழி பறித்து நெய். மனுதாரரிடம் எதுவும் வாங்கி உண்ணக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததில்லை.

ரேஷன் கடைக்கு எதிரே சாமியானா போட்டு எல்லோரையும் உட்கார வைத்திருந்தார்கள். கைகளில் கோபம் அளக்கும் பட்டையை மாட்டிவிட்டுக்கொண்டே வந்தேன். நவமணியின் கணவர் சென்னியப்பன் மணிக்கட்டை நீட்டியபடி கேட்டார்.

"ஏனுங்க சார், ஒரு சந்தேகம்ங்க. முந்தியெல்லாம் போன்ல ஒரு அமுக்கு அமுக்குனா கையெழுத்தாயிருமுங்களே. இப்ப எதுக்குங்க இந்தப் பட்டை?"

"அந்த அமுக்குதாங்க எல்லாத்தையும் கெடுத்துது. ஒரு நடிகரோட நாய்க்குப் பிறந்தநாள், அதுக்கு அரசு விடுமுறை விடணும்னு ஒரு மனு. ஒரே நாள்ல ஒம்பது கோடி கையெழுத்து. தமிழ்நாட்டுல அவ்வளவு ஜனமே கிடையாது."

"அப்ப யாருங்க போட்டது?"

"ஆளே இல்லாத கணக்குங்க. ஒருத்தன் உட்கார்ந்து லட்சம் பேரா வேஷம் போடலாம். இந்தக் கூட்டத்துல நிஜமா ஆஸ்பத்திரி கேட்டவன், பள்ளிக்கூடம் கேட்டவன் எல்லாம் காணாமப் போயிட்டான். அதனாலதான் இது. கையெழுத்தைக் கள்ளமாப் போடலாம். நாடித்துடிப்பு, வேர்வை, உடம்புச் சூடு இதையெல்லாம் போட முடியாது. நான் மனுவை வாசிப்பேன். வாசிச்சு முடிச்சு பத்து நிமிஷம் வரைக்கும் பட்டை பாத்துட்டிருக்கும். நிஜமாவே பாதிக்கப்பட்டவனுக்கு ரத்தம் கொதிக்கும் இல்லையா?"

"கொதிக்கலீன்னாங்க?"

"பாதிப்பு இல்லைன்னு அர்த்தம். சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

சென்னியப்பன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெட்டிக்காரத்தனமாத்தான் பண்ணியிருக்கறாங்க" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

மனு ஏழு பக்கம். ஒரு காலத்தில் ஆற்றில் ஓடிய சாயத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, போர்க்குழாயில் வருவது உப்பும் கசப்புமாக இருக்கிறது. வீட்டுக்கு ஒருவருக்காவது சிறுநீரகத்தில் கல். பிள்ளைகளின் பற்களில் மஞ்சள் கோடு. பெரிய ரோடு வழியாக ஆற்றுத்தண்ணீர்க் குழாய் பதிக்கிறார்கள். அதிலிருந்து நானூறு அடி இழுத்தால் வீதிக்கு வந்துவிடும். நான் வாசிக்க வாசிக்க எல்லோரும் தலையாட்டினார்கள், யாரோ மூன்றாம் மனிதரின் கதையைக் கேட்பதுபோல. நான்காம் பக்கத்தில் ஒருவர் எழுந்துவந்து எனக்குக் குடை பிடித்தார். ஆறாம் பக்கத்தில் ஒரு பெண், "பாவம், தொண்டை காயுது சாருக்கு" என்றது கேட்டது.

இருபத்தெட்டு.

"ரெண்டு ஏறியிருக்குதுங்க" என்றார் சென்னியப்பன், சந்தோஷமாக.

நவமணிக்குச் சந்தோஷமில்லை. என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். "மூணாவதுலயும் ஆகலீன்னா என்னங்க சார் ஆகும்?"

"அஞ்சு வருஷத்துக்கு இதே விஷயமா மனு போட முடியாதும்மா. குழாய் வேலையும் இந்த வருஷத்தோட முடிஞ்சிடும்."

அவர் சாமியானாவுக்குள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார். "அவருக்கு ஒரு கிட்னிய எடுத்தாச்சுங்க. இருக்கறது ஒண்ணு. உப்புத்தண்ணிய வாயில வைக்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. கேன் தண்ணி வாங்கி வெச்சா, அது புள்ளைங்களுக்கும் ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைக்கும் இருக்கட்டும்னு போய்க் குழாய்த் தண்ணியையே மோந்து குடிக்கறாருங்க. அஞ்சு வருசம் அந்த ஒண்ணு தாங்குமான்னு டாக்டரைக் கேட்டேன். மொதல்ல தண்ணிய மாத்துங்கன்னு மட்டும் சொன்னாருங்க."

"இதுக்குக் கூடவா உங்களுக்குக் கோபம் வரலை?"

"வந்துதுங்க, கட்டிக்கிட்டு வந்த புதுசுல. அப்புறம் பழகிப்போச்சுங்க."

இந்தப் பழகிப்போச்சு என்ற வார்த்தையை எத்தனை ஊரில் கேட்டிருக்கிறேன்! நெடுநாள் பட்ட கஷ்டத்துக்கு எங்கள் பட்டையில் எண் ஏறுவதில்லை. நேற்று உட்கார்ந்த புறாவுக்கு ஏறுகிறது. இதை மேலிடத்துக்கு நான்கு முறை எழுதிவிட்டேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று நான்கு முறை பதில் வந்தது. எனக்கும் பழகிப்போச்சு.

இதற்கிடையில் மிருதுளா வந்து சேர்ந்தாள். இருபத்தேழு வயது, சென்னைப் பெண், இணையத்தில் பதினெட்டு லட்சம் பேர் அவளைப் பின்தொடர்கிறார்கள். வாய்க்கால்மேட்டுத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெயிலில் தூக்கிக் காட்டி அவள் போட்ட வீடியோவுக்கு நான்கு லட்சம் பேர் கொதித்துப்போனார்கள். ஆனால் சட்டப்படி வீதியில் குடியிருப்பவர்களின் கோபம் மட்டும்தான் செல்லும். வெளியூர்க் கோபத்துக்கு மதிப்பு இல்லை.

"நாலு லட்சம் பேர் சார்! எல்லாம் வேஸ்ட்டா?" என்று எனக்கு போன் செய்தாள்.

"வேஸ்ட் இல்லைம்மா. கணக்குல வராது, அவ்வளவுதான்."

"அப்ப அவங்களுக்கே கோபப்படக் கத்துக் குடுக்கிறேன். அதுக்குத் தடை இருக்கா?"

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். தடை இல்லை.

அவளே கடையில் வாங்கி வந்த பட்டைகளோடு பத்து நாள் வகுப்பு நடந்தது. நடந்ததை எல்லாம் பின்னர் அவளே சொல்லக் கேட்டேன். முதல் நாள், தண்ணீரால் நோயுற்றவர்களின் படங்களைத் திரையில் காட்டினாள். வீதியே உட்கார்ந்து அழுதது. அழுகைக்குப் பட்டை ஏழுதான் கொடுத்தது. இரண்டாம் நாள், கோஷம் போடச் சொல்லிக் கொடுத்தாள். 'ஏமாற்றாதே ஏமாற்றாதே' என்று அவள் கத்த, 'ஏமாத்தாதீங்க ஏமாத்தாதீங்க' என்று கூட்டம் பணிவோடு பதில் சொன்னது. நான்காம் நாள் அவளுக்கு ஒரு யோசனை. யாராவது ஒருவர்மேல் இருக்கும் உண்மையான கோபத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சூட்டோடு மனுவை நினையுங்கள் என்றாள். ஓரகத்திகள் இருவருக்கு ஒரேயடியாகத் தொண்ணூற்றைந்து ஏறியது. கோழி விஷயமாக மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லையாம். எண்ணைப் பார்த்ததும், "எம்மேல இத்தனை கோவமா வெச்சிருந்தே?" என்று ஒருத்தி கேட்க, மற்றவள் உடைந்துபோக, இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். வகுப்புக்கு முன் வீதியில் இருந்த கொஞ்சநஞ்சக் கோபத்தையும் வகுப்பு தீர்த்து வைத்துவிட்டது.

மிருதுளா தன் கையிலும் ஒரு பட்டை கட்டியிருந்தாள். எப்போதும் எண்பதுக்கு மேல். தூங்கும்போதுகூட ஐம்பது. காலையில் எழுந்ததும் எந்த அநியாயத்துக்குக் கொதிப்பது என்று போனில் தேடுவாளாம், பல் துலக்குவதற்கு முன்பே. ஏழாம் நாள் நவமணி வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்படியே பாயில் சாய்ந்தவள் நான்கு மணி நேரம் தூங்கினாள். எழுந்து பார்த்தால் பட்டையில் பன்னிரண்டு. "எனக்குப் பயமா ஆயிடுச்சு சார். கோபம் இல்லாம நான் யாருன்னே எனக்குத் தெரியல" என்றாள். கோபத்தைக் கற்றுக்கொடுக்க வந்தவளின் கோபத்தை அந்த வீதி வாங்கி வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறது.

மூன்றாம் அளவு சித்திரை மாதத்தில். நல்ல வெயில். மறுபடி அதே சாமியானா, அதே நூற்றுப் பன்னிரண்டு பேர். இந்த முறை எல்லோரும் முகத்தை இறுக்கி வைத்திருந்தார்கள், போட்டோ எடுக்க உட்கார்ந்தவர்களைப் போல. மிருதுளா ஓரமாக நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தாள். நான் ஏழு பக்கத்தையும் வாசித்தேன். முடிந்தவரை உணர்ச்சியோடு வாசித்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் கருவியின் திரையில் எண் முப்பத்து மூன்றில் நின்றது.

பத்து நிமிடக் கெடு ஓடத் தொடங்கியது. நவமணி கண்களை மூடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கோபப்படுவதற்கு அத்தனை பாடுபடும் ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

ஏழு பக்கம் வாசித்த தொண்டை வேறு ஒட்டிக்கொண்டது. கேன் காலி. புதிய கேன் எடுத்துவர ஆள் போயிருந்தது. பக்கத்தில் சாமியானாக் காலோரம் ஒரு நீல டிரம், அதன்மேல் ஒரு சொம்பு. போய் மோந்தேன், வாயில் ஊற்றினேன். வேண்டுமென்றே செய்தாயா என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். சத்தியமாகத் தாகம்.

இரண்டு மடக்கு உள்ளே போன பிறகுதான் நாக்குக்குத் தெரிந்தது. துரு, உப்பு, அடியில் ஒரு கசப்பு. துப்பவும் கூச்சம், விழுங்கினேன்.

"ஐயோ!" என்று ஒரு சத்தம். நவமணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "யாரு இந்த டிரம்மை இங்க வெச்சது? ஊட்டுக்கு வந்த மனுசன் குடிக்கற தண்ணியா இது?"

அவ்வளவுதான். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். "ஒறம்பரைக்கு இதைக் குடுத்தா நாளைக்கு எவன் நம்ம ஊட்டுப் படியேறுவான்?" "அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" "எத்தனை வருசமாச் சொல்றோம், ஒருத்தனாச்சும் கேட்டானா?" ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து டிரம்மை உதைத்துக் கவிழ்த்தார்கள். எல்லாச் சத்தத்துக்கும் மேலே சென்னியப்பனின் குரல் கேட்டது. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்: "மனுசன் குடிப்பானா இதை? மனுசன் குடிப்பானா?"

நாற்பது வருடமாக அதைக் குடிக்கிறவர் அவர்.

"நீங்க தினமும் குடிக்கிறீங்களே!" என்றேன், வாயைத் துடைத்துக்கொண்டு.

"நாங்க குடிப்போம்ங்க. நீங்க குடிக்கலாமா?"

திரையைப் பார்த்தேன். எண்பத்தேழு. கெடு முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அந்த இரண்டு நிமிடமும் அது இறங்கவே இல்லை. மிருதுளா வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு. 'அளவின்போது எழுந்த கோபம் மனுவின் பொருளைப் பற்றியதுதானா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நேர்மையாகச் சொன்னால், அவர்கள் கோபம் தண்ணீரைப் பற்றியதா, விருந்தாளியைப் பற்றியதா, தங்கள் வீதியின் மானத்தைப் பற்றியதா என்று எனக்கும் தெரியவில்லை. 'ஆம்' என்பதைத் தொட்டேன்.

மூன்றாம் வாரம் குறிப்பாணை வந்தது. பரிசோதகர் மனுதாரரின் தண்ணீரை அருந்தியது ஏன்? 'தாகம்' என்று ஒரே வார்த்தையில் விளக்கம் எழுதினேன். அதற்கு மேல் துருவ அவர்களிடம் விதி இல்லை. வாய்க்கால்மேட்டுக்குக் கொடுத்த தேர்ச்சியையும் ரத்து செய்ய முடியவில்லை. ஆனால் சுற்றறிக்கை ஒன்று எல்லா மாவட்டத்துக்கும் பறந்தது: இனிமேல் பரிசோதகர்கள் தங்கள் குடிநீரைத் தாங்களே கொண்டுசெல்ல வேண்டும், அளவிடத்தில் எதையும் அருந்தக்கூடாது. திறந்த கதவுக்கு நானே தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

அந்த வருத்தம் உறுத்திக்கொண்டே இருந்தது. வாய்க்கால்மேட்டிலிருந்து மூன்று மைலில் பாறைக்காடு என்று ஒரு வீதி. அதே நிலம், அதே தண்ணீர். முதல் அளவு இருபத்தொன்று. இரண்டாம் அளவுக்கு நான் என் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். ஒருவர் முகத்திலும் களையில்லை. "சொந்தத் தண்ணி கொண்டாந்துட்டீங்களா சார்" என்று ஒருவர் மெல்லக் கேட்டார். மனம் நொந்துபோயிருந்தார்கள். நோவதும் கோபமும் ஒன்றல்ல. பட்டைக்கு அது நன்றாகத் தெரியும். இருபத்து நான்கு.

ஆறு மாதத்தில் வாய்க்கால்மேட்டுக்குக் குழாய் வந்தது. நான்கு நாளுக்கு ஒருமுறை, காலை ஆறு மணிக்கு, இரண்டு மணி நேரம். திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சுற்றறிக்கைக்குப் பயந்து போகவில்லை. சென்னியப்பனுக்குச் சோதனை முடிவு நன்றாக வந்திருப்பதாக நவமணி போனில் சொன்னார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை என் கருவியில் ஒரு புதிய மனு துள்ளி விழுந்தது. வாய்க்கால்மேட்டு வீதி. தண்ணீர் ஆறு மணிக்குப் பதிலாக ஆறு நாற்பதுக்கு வந்ததாம். புதிய ஏற்பாட்டில், ஒருமுறை தேறிய வீதிக்குப் பட்டைகளை வீட்டிலேயே கொடுத்துவிடுகிறோம். முதற்கட்ட அளவு தானாக வரும். எண்பத்தொன்பது என்று வந்திருந்தது. பட்டை பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். அதற்குள் போன் அடித்தது.

"நாப்பது நிமிசம் சார்!" நவமணியின் குரலா இது! "எல்லாரும் குடத்தை வெச்சுட்டு நின்னுட்டிருந்தோம். ஒரு தகவல் கிடையாது, ஒண்ணு கிடையாது. நாங்க என்ன மனுசங்க இல்லையா? நீங்கெல்லாம் ஆபீசுல உக்காந்து என்னதான் பண்றீங்க?"

என் பன்னிரண்டு வருட உத்தியோகத்தில் யாரும் என்னை இப்படித் திட்டியதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

நவமணி வீட்டு வாசலில் ஒரு டெம்போ நின்றது. அதில் ஏழெட்டுப் பெரிய டிரம்கள். வீதிப் பெண்கள் வரிசையாக ஆளுக்கு இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் மிருதுளா. சென்னை திரும்பவில்லை போலிருக்கிறது.

"பட்டை சரியாத்தான் இருக்கா?" என்றேன் நவமணியிடம்.

"சரியாத்தானுங்க இருக்குது. நெசமாலுமே கோவம்ங்க." முகம் இன்னும் சிவந்திருந்தது.

"ஒரு விஷயம் கேட்கட்டுமா? நாப்பது வருஷமா வராத கோபம் நாப்பது நிமிஷத்துக்கு வருதே, எப்படி?"

அவர் இடுப்புக் குடத்தைக் கீழே வைத்தார். "நானும் அதையேதானுங்க யோசிச்சேன். அப்பெல்லாம் நம்ம தலையெழுத்து இவ்வளவுதான்னு இருந்துட்டோம். இப்ப வரும்னு தெரிஞ்சு போச்சுங்களே. ஒருக்கா நல்லதண்ணியக் குடிச்சுட்டு, மறுபடியும் வரும்னு குடத்தக் கழுவி வெச்சுட்டு நிக்கறோம். வரலீன்னா கோவம் வராதுங்களா?"

நான் படித்த ஏழு கையேடுகளிலும் இந்த விஷயம் இல்லை. அதைப் பனியன் செக்கிங் செய்கிற அம்மா வாசலில் நின்றபடி சொல்லிவிட்டார்.

"சரி, இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?"

"பாறைக்காட்டுக்குங்க."

"நல்ல காரியம். பாவம், அவங்களும் ரொம்பக் கஷ்டப்படறாங்க."

"புடிச்சு வெச்சதுலருந்து தினமும் போகுதுங்க. எங்களுக்குக் கொறஞ்சாலும் பரவால்லீன்னு ஊட்டுக்கு ரெண்டு கொடம். ஒரு வாரத்துக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் நிறுத்திப்போடுவோம்ங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டைத் தையலைச் சோதிப்பதுபோல என்னைப் பார்த்தார்.

டெம்போவுக்குள் எட்டிப் பார்த்தேன். "இதை நீ வீடியோ எடுக்கலையா?"

"எடுத்துப் போட்டா பத்து லட்சம் பேர் பாப்பாங்க சார்" என்றாள் மிருதுளா. போன் அணைந்து அவள் மடியில் கிடந்தது. "அதுல ஒருத்தர் உங்க மேலதிகாரியா இருப்பார். மறுநாளே ஒரு சுற்றறிக்கை வரும்."

"பாறைக்காட்டுக்காரங்களுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா கோவம் வராதுங்களே" என்றார் நவமணி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாவம்தானுங்க. எட்டாம் நாள் காலையில குடத்தை வெச்சுட்டு நிப்பாங்க. நெனச்சா எனக்கு நெஞ்சு என்னமோ பண்ணுது. ஆனா அந்த ஒரு நாளைத் தாங்கிப்போட்டா அவங்க புள்ளைங்க காலத்துக்கும் நல்லதண்ணி குடிக்குமுங்க. அவங்களுக்கு மூணாவது அளவு என்னைக்குங்க சார்?"

கருவியை எடுத்துப் பார்த்தேன். நாளை மறுநாள் என்று இருந்தது. தண்ணீர் நின்றுபோகும் அந்த எட்டாம் நாளுக்குத் தள்ளி, காலை ஒன்பது மணிக்கு மாற்றினேன். தள்ளிவைப்பதற்கான காரணத்தைக் குறிப்பிடுக என்று கேட்டது கருவி.

மக்கள் இன்னும் தயாராகவில்லை என்று எழுதினேன்.